வரவேற்பறையில் 2 மீட்டர் எலும்பு: மூன்றாவது வாரம்

அட்டைக் கூடு ஒருவழியாக நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

செய்துகொண்டிருப்பது பிருகத்காயோசாரஸ் என்ற டைனோசரின் கீழ்க்கால் எலும்பு, முழு அளவில், அட்டையும் காகிதக்கூழுமாக. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த தாவர உண்ணி இது. புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் முதலில் விவரித்தபோது ஊனுண்ணி என்றுதான் எழுதினார்கள், நீள்கழுத்துக் கூட்டத்தில் சேர்த்தது பிற்பாடு. கிடைத்ததோ இடுப்பெலும்பு, தொடையெலும்புத் துண்டு, ஒரு வால் முள்ளெலும்பு என்று சொற்பம்தான். ஆனால் அந்தக் கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர்! ராட்சத டைனோசரான அர்ஜென்டினோசாரஸுக்கே 1.55 மீட்டர்தான். நம்ம ஊர்க்காரன் ஆயிற்றே, கை சும்மா இருக்குமா.

நீளம் தெரியும், வடிவம்தான் தகராறு. பல வருடங்களாகக் கோட்டோவியங்கள்தான் இருந்தன, புகைப்படங்கள் வெளியானது 2022-ல். அதனால் இங்கே சிங்கப்பூரில் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குப் போய், அமெரிக்காவின் வயோமிங்கிலிருந்து வந்த மூன்று டைனோசர்களின் கால்களையே ஒரு மணி நேரம் பார்த்து வரைந்துகொண்டேன். அவை வேறு குடும்பம், காலமும் பல கோடி ஆண்டு முந்தியது, தெரியும். இருந்தாலும் நடுவில் ஒடுங்கி முனைகளில் விரியும் அமைப்பாவது கைக்குப் பிடிபட்டது.

அப்புறம் தேக்கா சந்தையில் கேட்டு வாங்கிய பழப்பெட்டி அட்டைகள், பழைய செய்தித்தாள், மைதாப் பசை. இங்கேதான் சறுக்கினேன். அவசரப்பட்டு ஒரே இரவில் மூன்று அடுக்கு ஒட்டினேன், வெளியே டிசம்பர் மழை, உள்ளே காயவே இல்லை. ஊரிலிருந்து அம்மா, "பசையில மயில்துத்தம் போட்டியா?" என்றார், பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கத்தான். குழந்தை இருக்கும் வீட்டில் அந்த விஷம் வேண்டாம். அடி 30 சென்டிமீட்டரை வெட்டி எறிந்துவிட்டு, வெள்ளைப் பசைக்கு மாறினேன், ஒரு நாளைக்கு ஓர் அடுக்குதான், இரவு முழுக்க மின்விசிறி. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) எட்டிப் பார்த்து, "மரமா?" என்று கேட்டார்.

அசலுக்கும் ஈரம்தான் எமன். புவியியல் ஆய்வுத்துறைக்குப் போய்ச் சேருமுன்னே பிளாஸ்டர் உறைக்குள் உதிர ஆரம்பித்துவிட்டது, இன்று அந்த எலும்பே இல்லை. சரிபார்க்க வழியில்லாததால்தான் 2 மீட்டரையே சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறைசொல்லவும் முடியாது.

அடுத்த வாரம் மேல்முனை, பிறகு வண்ணம். ஊகித்துச் செய்த பகுதிக்குச் சாம்பல் நிறம் என்று முடிவு. கணக்குப் பார்த்தால் மொத்த எலும்பும் சாம்பல்தான். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக 2 மீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு மட்டும் இழுத்துவிடப் போகிறேன்.