ஆயில் கண்ணாடி மங்கினால்

எஞ்சினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே பார்க்க, பல பைக்குகளின் எஞ்சின் பக்கவாட்டில் ஒரு சிறு வட்டக் கண்ணாடி உண்டு. சர்வீசுக்கு வரும் வண்டிகளில் அடிக்கடி கேட்பது: "ஆயில் ஃபுல்லா இருக்குண்ணே, கண்ணாடியில தெரியுதே." ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் இருக்க வேண்டியதில் பாதிதான் தட்டில் விழும். கண்ணாடியில் தெரிந்தது ஆயில் அல்ல, உட்புறம் படிந்த கறை. ஒரே அளவில் வருடக்கணக்காக ஆயில் நின்ற இடத்தில் பழுப்புக் கோடு விழுந்துவிடும். ஆயில் இறங்கிய பிறகும் கோடு இறங்காது. ஸ்பிளெண்டர் மாதிரி டிப்ஸ்டிக் (ஆயிலில் முக்கி அளவு பார்க்கும் குச்சி) உள்ள வண்டியில் இந்த ஏமாற்று இல்லை. பல்சர், டியூக், ராயல் என்ஃபீல்டின் யூசிஇ எஞ்சின், அதே கம்பெனியின் 2020-இல் வந்த ஜே சீரிஸ் எஞ்சின் என்று கண்ணாடி வைத்த எஞ்சின்களில்தான் இந்தத் தொல்லை.

துடைக்கும் முன், அழுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்க்க வேண்டும். ஷாம்பு கலந்த தண்ணீரில் பழைய டூத் பிரஷை நனைத்து, கண்ணாடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் இறுகிய சேற்றை எடுத்தாலே பாதி வண்டிகளில் கண்ணாடி தெளிந்துவிடும். பிறகு வண்டியை நேராக நிறுத்தி, கண்ணை கண்ணாடியின் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தபடி, இன்னொருவரை ஹேண்டிலைப் பிடித்து எதிர்ப்பக்கம் மெல்லச் சாய்க்கச் சொல்லுங்கள். ஆயில் விலகிக் கண்ணாடி வெளுக்க வேண்டும். நிமிர்த்தினால் திரும்ப ஏற வேண்டும். சாய்த்தும் அசையாமல் நிற்கும் கோடு கறை.

பெட்ரோல், தின்னர், பிரேக் கிளீனர் மூன்றையும் தள்ளியே வையுங்கள். பேச்சுக்குக் கண்ணாடி என்றாலும் பல வண்டிகளில் அது பிளாஸ்டிக் வில்லைதான். இவை பட்டால் மேற்பரப்பில் சிலந்தி வலை போல மெல்லிய வெடிப்பு ஓடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் மங்கல் போகாது. சுற்றியுள்ள ரப்பர் சீலும் உப்பிக் கசியத் தொடங்கும். கசிவை நிறுத்த மேலே எம்-சீல் அப்புகிற பழக்கம் ஒன்று உண்டு. சூட்டில் அது பெயர்ந்துவிடும், பெயரும்வரை ஆயில் அளவையும் பார்க்க முடியாது.

கறையின் நிறத்தைப் பார்த்த பிறகே கருவியை எடுக்க வேண்டும். பழுப்பு, கறுப்பு என்றால் சூட்டில் பழுத்த ஆயில். மாற்ற வேண்டிய கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டியிருப்பார்கள். பால் விட்ட டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தினமும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் இது சகஜம். எஞ்சின் முழுச் சூடாகும் முன்பே நிறுத்திவிடுவதால் உள்ளே இருக்கும் ஈர ஆவி வெளியேறுவதில்லை. கண்ணாடி பொருத்திய கிளட்ச் கவர் (கிளட்சை மூடும் பக்க மூடி) சிலிண்டரை விட்டுத் தள்ளி, காற்றுபட்டுக் குளிர்ந்திருக்கும். ஆவி முதலில் தண்ணீராவது அங்கேதான். அரை மணி நேரம் ஒரே ஓட்டமாக ஓட்டினால் வெண்மை மறையும். லிக்விட் கூல்டு (கூலன்ட் திரவத்தால் குளிரும்) வண்டியில் அது மறையாவிட்டாலோ, கூலன்ட் அளவு குறைந்துகொண்டே வந்தாலோ, வாட்டர் பம்ப் சீலையும் ஹெட் கேஸ்கெட்டையும் சந்தேகிக்க வேண்டும். வெள்ளத்தில் இறங்கிய வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆயிலை மாற்றிவிடுங்கள்.

உட்புறக் கறைக்காக மட்டும் கவரைக் கழற்றுவது வீண் வேலை. அடுத்த ஆயில் மாற்றத்தோடு சேர்த்துச் செய்யலாம். எஞ்சினை நாலைந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ட்ரெய்ன் போல்ட்டைத் திறந்து பத்து நிமிடம் வடியவிடுங்கள். ஆயில் ஊற்றும் வாய் வழியாக டார்ச் அடித்தால், வெளியிலிருந்து பார்க்கும்போது கண்ணாடி செம்பழுப்பாக ஒளிரும்; கறை எங்கே தடித்திருக்கிறது என்பது அப்போது துல்லியமாகத் தெரியும்.

பல்சர், டியூக் போன்றவற்றில் ஊற்றும் வாயும் கண்ணாடியும் ஒரே கிளட்ச் கவரில் இருப்பதால், அந்த வாய் வழியாகக் கம்பியில் துணி சுற்றி விட்டுத் துடைக்கலாம். வீட்டு வயரிங்கில் வரும் ஒற்றைக் கம்பி ஒயரை, மேலுறையோடு ஒரு சாண் நீளம் வெட்டி, நுனியை வளையமாக மடித்து எல் வடிவில் வளையுங்கள். நுனியில் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டி, நூலின் மறுமுனையை வெளியே நீளமாக விடுங்கள். துணி நழுவினாலும் இழுத்துவிடலாம். பட்டறையில் கைக்குக் கிடைப்பது பனியன் வேஸ்ட். அதை உள்ளே விடக் கூடாது: வெட்டிய ஓரத்திலிருந்து இழை பிரிந்து ஆயில் வடிகட்டியில் போய்ச் சிக்கும். பஞ்சும் அப்படித்தான்.

துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, கண்ணாடியின் உட்புறத்தில் வட்டமாக மெல்லத் தேய்க்க வேண்டும். சுரண்டக் கூடாது. கம்பி கிளட்ச் பக்கம் போய் இடித்தால் அழுத்தாமல் வெளியே எடுத்து வளைவை மாற்றுங்கள். அந்த நேரத்தில் யாரும் கிக்கரையோ கியரையோ தொடக் கூடாது. துணி கறுக்காமல் வரும்வரை தேய்த்துவிட்டு, போல்ட்டை மூடும் முன் 100 மில்லி புது ஆயிலை மேலே ஊற்றிக் கீழே வடியவிட்டால் பெயர்ந்த கசடும் மண்ணெண்ணெயும் அதோடு இறங்கும். ட்ரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர். அலுமினிய மரை என்பதால் முழுப் பலத்தில் முறுக்க வேண்டாம். மரை போனால் ஹெலிகாயில் (புது மரைக்காகப் பதிக்கும் கம்பிச் சுருள்) செலவு தனி.

டீசல் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டால் எல்லாம் கழுவிக்கொண்டு வரும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த எஞ்சின்களில் கிளட்ச், கியர், கிராங்க் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில். டீசலுக்கு பேரிங்கைக் காக்கும் கனம் கிடையாது. மொத்தமாகப் பெயரும் கசடு நேராக வடிகட்டியை அடைக்கும். நல்ல ஆயிலில் உள்ள டிடர்ஜென்ட் அதே வேலையை நிதானமாகச் செய்யும். கறை கனமாக இருந்தால் ஒருமுறை மட்டும் 1000 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிப் பாருங்கள்.

கம்பி எட்டாத எஞ்சின், அல்லது வில்லையே மஞ்சளித்துப்போன வண்டி என்றால் கவரைக் கழற்றியாக வேண்டும். அதற்கு முன் ஸ்பேர்ஸ் கடையில் கண்ணாடி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; சில மாடல்களில் கவரோடுதான் வரும். போல்ட்டுகள் ஒரே நீளமாக இருக்காது. அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, துளை போட்டு, அந்தந்த இடத்தில் செருகி வைத்தால் திரும்ப மாட்டும்போது நீளமான போல்ட் தவறான துளையில் ஏறி மரையைக் கெடுக்காது. புதுக் கண்ணாடியின் ரப்பரில் ஆயில் தடவி, அதன் உலோக விளிம்பில் மட்டும் உட்காரும் அளவு சாக்கெட்டை வைத்து அழுத்த வேண்டும். நடுவில் அழுத்தினால் வில்லை தெறிக்கும். பழைய பேக்கிங்கை முழுக்க எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். அதற்கும் முன்னால், கழற்றிய கவரைக் கிடையாக வைத்துக் கண்ணாடிக் குழியில் மண்ணெண்ணெய் விட்டு அரை மணி நேரம் பாருங்கள். கசிவு இருந்தால் மேசையிலேயே தெரிந்துவிடும்.

ஆயில் நிரப்பும்போது கையேட்டில் சொன்ன அளவில் 100 மில்லி குறைத்து ஊற்றி, எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்து வண்டியை நேராக நிறுத்திப் பார்த்து, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கண்ணாடியருகே குறித்திருக்கும் மேல், கீழ் அளவுக் கோடுகளுக்கு நடுவே கொண்டுவாருங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் அடித்து நுரை கிளம்பும், பிரீதர் (எஞ்சின் ஆவி வெளியேறும் குழாய்) வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்கே ஆயில் போகும். 500 கிலோமீட்டரில் மறுபடி கண்ணாடியைப் பாருங்கள். அதற்குள் கறை கட்டியிருந்தால் கண்ணாடியை விட்டுவிட்டு, எஞ்சின் ஏன் இவ்வளவு சூடாகிறது என்று தேட ஆரம்பிக்கலாம்.