பத்துக்கு எத்தனை?

மார்ச் 3
விடியற்காலை 4.10. நான் எழவில்லை, வலிதான் எழுப்பிவிட்டது. இடது இடுப்பில் ஆரம்பித்து முழங்காலின் பின்பக்கம் வரை. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்தே உருளுகிற மாதிரி வலப்பக்கம் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இடையில் எங்கேயும் முறுக்கிவிடக் கூடாது. உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது கட்டிலுக்கு அடியில் ஒரு பேனா மூடி தெரிந்தது. நீலம்.

மார்ச் 4
மூடி அங்கேயேதான் கிடக்கிறது.

மார்ச் 6
டாக்டர். "வலி பத்துக்கு எத்தனை?"

ஏழு என்றேன். போன தடவையும் ஏழு. ஐந்து என்றால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவார். ஒன்பது என்றால், நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு ஒன்பதா என்று தோன்றும். ஏழு சொன்னால் வம்பில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஏழு உறுத்திக்கொண்டே இருந்தது. வலிக்கு நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, உளைகிறது, இழுக்கிறது, தெறிக்கிறது, விண்விண்ணென்கிறது, சுரீரென்கிறது. காலையில் எனக்குக் கடுப்பு. உட்கார்ந்து எழுந்தால் சுரீர். ராத்திரி குடைச்சல். குடைச்சலுக்கு எத்தனை மார்க் போடுவது? ரொனால்ட் மெல்சாக் என்பவர் 1975-லேயே வலியை விவரிக்கும் 78 சொற்களைத் திரட்டி, மெக்கில் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு கேள்வித்தாளே போட்டிருக்கிறார். ஆங்கிலச் சொற்கள்தான். இருந்தாலும் எனக்கு முன்னால் ஒருத்தருக்கு இந்த எண்ணிக்கை போதாமல் இருந்திருக்கிறது என்பதில் ஓர் ஆறுதல்.

மார்ச் 7
புது மாத்திரை. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், ராத்திரி மட்டும். பெயரைச் சொன்னதும் அம்மா எங்கேயோ தேடிப் படித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள்.

"இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கிறதாமே. உனக்கு என்னடி ஆச்சு?"

மனச்சோர்வுக்கு இதைவிடப் பல மடங்கு தருவார்கள், நரம்பு வலிக்கு இந்தத் துளி அளவுதான், அதே மருந்துக்கு இரண்டு வேலை என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அப்போ நிஜமாவே வலிக்குதுதானே?" என்றாள். கோபமே வரவில்லை. எனக்கே சில சமயம் அந்தச் சந்தேகம் வருகிறதே.

மார்ச் 8
வாய் காய்ந்துபோகிறது. ஆனால் ஆறு மணி நேரம் தூங்கினேன். ஆறு மணி நேரம்!

மார்ச் 11
இன்று வலியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலியை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் இருந்திருக்கிறேன். அலமாரி முழுவதையும் இறக்கி, துடைத்து, மடித்து அடுக்கினேன். இவர் வந்து பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. முகத்தில் மட்டும் தெரிந்தது.

மார்ச் 12
தப்பு பண்ணிவிட்டேன்.

மார்ச் 13
படுக்கை.

மார்ச் 15
மூன்று நாள் போனது, ஒரு அலமாரிக்கு. பிசியோதெரபி அம்மா திட்டவில்லை, சிரித்தார். "நல்ல நாள்லதான் நீங்க மாட்டிக்கிறீங்க." அவர் சொல்லும் கணக்கு இதுதான்: எந்த வேலையானாலும் 20 நிமிடம், அலாரம் அடித்தால் வலி இல்லாவிட்டாலும் நிறுத்து. வலித்த பிறகு நிறுத்துவது யாருக்கும் வரும். நன்றாக இருக்கும்போது பாதியில் எழுந்து வருவது இருக்கிறதே, அதற்கு வேறு மனசு வேண்டும். பாதி மடித்த துணி என்னையே பார்க்கிறது.

ஸ்கேன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்4-எல்5 தட்டில், அதாவது கீழ்முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தையில், லேசான தேய்மானம், அவ்வளவுதான். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளையெல்லாம் 2015-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்களாம். 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம். அப்படியானால் இந்தப் படம் என்னைப் பற்றி என்னதான் சொல்கிறது? காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் தன் அலாரத்தை அணைக்காமல் விட்டுவிடலாம், லேசான தொடுகையையும் ஆபத்து என்று எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். புரிகிறது. புரிந்தால் குறையும் என்றுதான் நினைத்தேன். மூன்று மாதம் தாண்டினால் நாள்பட்ட வலி என்று பெயர். எனக்கு மூன்று வருஷம்.

மார்ச் 16
மூடியைக் காலால் தள்ளிப் பார்த்தேன். இன்னும் உள்ளே போய்விட்டது. சரி.

மார்ச் 18
மீட்டிங்கில் பின்னால் நின்றுகொண்டே இருந்தேன். வெளியே வந்ததும் கூட இருந்த ஒருவர், "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?" நல்லெண்ணத்தில்தான் கேட்டார். கட்டு போட்டிருந்தால் கேட்டிருக்க மாட்டார். நாளைக்கு ஒரு கட்டு போட்டுக்கொண்டு போகலாமா என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

மார்ச் 19
எரிச்சல். பாப்பாவைக் கத்திவிட்டேன். அவள் ஒன்றுமே செய்யவில்லை.

மார்ச் 21
பாப்பாவைத் தூக்கி ஒரு வருஷம் இருக்கும். இப்போது அவளே நாற்காலி மேல் ஏறி நின்று என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள், என் உயரத்துக்கு. இன்று கட்டிக்கொண்டே கேட்டாள்: "அம்மா, இன்னைக்குக் குடையுதா, இழுக்குதா?"

நானும் இவரும் பேசுவதை எப்போது கேட்டாளோ.

"இழுக்குது" என்றேன். "அப்போ நீ காலை நீட்டிக்கோ" என்று இறங்கிப் போய்விட்டாள்.

மார்ச் 22 முதல்
எண் போடுவதில்லை, சொல் மட்டும்.
22: கடுப்பு. 23: கடுப்பு, மாலையில் சுரீர். 24: குடைச்சல், மழை. (மழைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று இனித்தான் பார்க்க வேண்டும்.) 25: இழுப்பு. 26: ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. 27: கடுப்பு, சுரீர். 28: கடுப்பு.

மார்ச் 30
சுரீர் வந்த நாளெல்லாம் அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்த நாள். குடைச்சல் வந்தால் மறுநாள் தூக்கம் கெட்டிருக்கிறது. இல்லை, தூக்கம் கெட்டதால்தான் குடைச்சலா? ஏழு, ஏழு, ஏழு என்று எழுதி வைத்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஏப்ரல் 2
நாளைக்கு டாக்டர். இந்தத் தாள்களைக் காட்டலாமா? நேரம் இருக்குமா அவருக்கு? இவர் காட்டச் சொல்கிறார். காட்டினால் அதிகப்பிரசங்கி என்று நினைத்துவிட்டால்?

ஏப்ரல் 3
எனக்கு முன்னால் ஐந்து பேர். உட்கார முடியவில்லை, சுவரில் சாய்ந்து நின்றபடி எழுதுகிறேன். பையைத் திறந்தால் தாளின் ஓரமெல்லாம் நீல மை. இந்தப் பேனாவின் மூடிதான் போலிருக்கிறது அது. 27-ஆம் தேதி எழுதியது அழிந்துவிட்டது, மற்றதெல்லாம் படிக்க முடிகிறது. இன்னும் நான்கு பேர்.