சான்றில் சேராத பெயர்

பழைய துப்பாக்கிகளுக்கு மதிப்பீட்டுச் சான்று எழுதுகிறவன் முதலில் பழக வேண்டியது, குடும்பக் கதைகளைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு அவற்றைத் தாளில் ஏற்றாமல் இருப்பதுதான். மகாராஜா தன் கையால் கொடுத்தது, கவர்னர் விட்டுப் போனது, கார்பெட் வைத்திருந்ததற்கு ஜோடி என்று ஏதாவது ஒரு கதையோடுதான் எல்லாத் துப்பாக்கியும் வருகிறது. 1907ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்கு, லண்டன் துப்பாக்கிக் கடையான ரிக்பியின் .275 ரைஃபிள் ஒன்று பரிசாகக் கிடைத்தது உண்மை. அதைச் சொல்லும் வெள்ளித் தகடு, தோளில் முட்டுக்கொடுக்கும் அதன் மரக் கட்டையிலேயே பதித்திருக்கிறது. அந்த ஒன்றின் புகழில் குளிர்காய வரும் ரைஃபிள்களுக்குத்தான் கணக்கில்லை.

ஆகவே அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் தொழில்படி சரியானது. அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. சரியான பதில் ஏன் இப்படி உறுத்துகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

அவர் கேட்டது இதுதான்: “லண்டன்காரர் பெயரை எழுதியிருக்கிறீர்கள். என் மாமனார் பெயரை ஏன் எழுதவில்லை, தம்பி?”

நான் சொன்னது: “அதற்குச் சான்று இல்லை, அம்மா.”

அவர் பெங்களூர் அலசூர்க்காரர். கணவர் இறந்த பிறகு சட்டப்படி ரைஃபிளை எங்கள் கடையில் ஒப்படைத்திருந்தார். பிள்ளைகள் யாருக்கும் லைசென்ஸ் எடுக்க விருப்பமில்லை. 2019 திருத்தச் சட்டம் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்த நாள்முதல் இப்படி விற்க வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். டெல்லியில் ஒருவர் வாங்கத் தயாராக இருந்தார். ரிக்பிதான் என்றும், எந்தெந்தப் பாகம் அசல் என்றும் எழுத்தில் வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

இரும்பைப் பொறுத்தவரை எந்தச் சிக்கலும் இல்லை. குழலின் அடியில் லண்டன் சோதனைச் சாலையின் கிரீட முத்திரைகள் தெளிவாக இருந்தன. போல்ட்டும் அதன் கூடும் ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில் மௌசர் தொழிற்சாலையில் செய்தவை. ரிக்பி ரைஃபிள்களில் அது வழக்கம்தான். எண்ணை லண்டனுக்கு எழுதிக் கேட்டபோது பழைய பேரேட்டுப் பதிவும் பொருந்தி வந்தது. விற்ற ஆண்டு 1920களில்.

அந்த ஆண்டைப் பார்த்தபோதே எனக்கு ஒன்று தோன்றியிருக்க வேண்டும். பின்னால்தான் தோன்றியது. என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலைக்குத் தலைமை வகித்து, .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டாவைக் கொண்டுவந்து, அந்தப் பெயருக்கே பெருமை சேர்த்த ஜான் ரிக்பி 1916லேயே இறந்துவிட்டார். அவர் இந்த ரைஃபிளைத் தொட்டிருக்க வழியே இல்லை. உயிரோடு இருந்த காலத்திலும் ஒரு ரைஃபிளை அவர் தனியாளாகச் செய்ததில்லை. குழல் கடைகிறவர் ஒருவர், இரும்பு அராவுகிறவர் ஒருவர், கட்டை இழைக்கிறவர் ஒருவர், பூவேலை செதுக்குகிறவர் ஒருவர் என்று பலர் கை மாறி வருவதுதான் லண்டன் துப்பாக்கி. கடைசியில் கடைக்காரர் பெயர் குழலில் ஏறும். அந்தப் பெயரைத்தான் நான் ‘தயாரிப்பாளர்’ என்ற கட்டத்தில் கொஞ்சமும் யோசிக்காமல் எழுதினேன்.

கட்டைக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் லண்டன் வேலைதான். நல்ல வால்நட் மரம். எண்ணெய் ஊறி ஊறி, புகை படிந்த தேன் நிறம். கைப்பிடியில், பிடி வழுக்காமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய செக்கரிங் கோடுகள் ஓரத்தில் ஓரிடத்தில்கூட வரம்பு மீறவில்லை. அந்தக் கோடுகளுக்கு இடையில் பழைய சந்தனமும் குங்குமமும் இறுகிக் கிடந்தன. ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. ஊசி முனையால் சுரண்டித்தான் எடுத்தேன்.

திருகாணிகளைக் கழற்றி இரும்பை வெளியே எடுத்த பிறகு கதை மாறியது. பின்னுதைப்பைத் தாங்கும் முட்டு உட்காரும் குழியில் விளக்குக் கரியின் நிழல் இன்னும் இருந்தது. இரும்பில் கரி பூசி மரத்தில் இறக்கி, மறுபடி எடுத்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் ஒரு மயிரளவு சீவி, மறுபடி இறக்கிப் பார்ப்பது. எந்த ஊரிலும் நல்ல கட்டை இப்படித்தான் பிறக்கிறது. அவசரக்காரர்கள் குழியைப் பெரிதாக வெட்டிவிட்டுச் சந்துக்குள் எதையாவது நிரப்புவார்கள். இங்கே ஒரு தாளைச் செருக இடமில்லை. கட்டையின் பின்தகட்டை எடுத்தால், முன்பு எப்போதோ திருகாணி இருந்த ஓட்டை ஒன்று அதே மரத்தின் துண்டால் அடைக்கப்பட்டிருந்தது. அடைத்த துண்டின் ரேகைகூடத் திசை தப்பவில்லை. ஏதோ ஒரு துரை வீட்டு மேசையாக இருந்த மரம் போலும். குழல் படுக்கும் பள்ளத்தில் பென்சிலால் ஒரு கோடு. அதன் பக்கத்தில் ‘மு’ என்று ஒரு தமிழ் எழுத்து. முன்பக்கம் என்பதற்கான குறியாக இருக்கலாம்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு ‘மாற்றங்கள்’ என்ற கட்டத்தில் நான் எழுதியது: கட்டை அசல் அல்ல, பின்னாளில் உள்ளூரில் செய்து மாட்டியது, தமிழ் எழுத்துக் குறி உள்ளது, வேலை நேர்த்தியானது.

ஒவ்வொரு சொல்லும் உண்மை.

அந்த அம்மா ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கட்டை லண்டனில் செய்ததல்ல என்றதும் அவர் முகம் சுருங்கவில்லை, மலர்ந்தது. “அதுதான் நானும் சொன்னேன். மாமனார் செய்தது” என்றார். அவருக்கு அது குறையே அல்ல. அவருடைய மாமனார் சவுத் பரேடில், அதாவது இன்றைய எம்.ஜி. ரோட்டில், ஒரு துப்பாக்கிக் கடைக்கு மரவேலை செய்து கொடுத்த ஆசாரி. குடகுத் தோட்டத் துரை ஒருவர், கழுத்து முறிந்த கட்டையோடு ரைஃபிளைக் கடையில் கொடுத்துவிட்டுச் சீமைக்குப் போனவர் திரும்பவில்லை. கடைக்காரர் அதை ஆசாரிக்கே மலிவாகக் கொடுத்தார். அவர் தனக்கென்று கட்டை செய்துகொண்டார். ஊராருக்கெல்லாம் இழைத்தவர் தனக்காக இழைத்தது அது ஒன்றுதான் என்றார் அந்த அம்மா. பிறகுதான் அந்தக் கேள்வி.

“நீங்கள் அவர் செய்ததைப் பார்த்தீர்களா, அம்மா?”

“நான் மருமகளாக வந்தபோது அது செய்து முடித்த ரைஃபிள். எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். வேறு யாரையும் தொட விடமாட்டார்.”

எண்ணெய் தேய்த்தவர்தான் செய்தவர் என்று எப்படி எழுதுவது? அந்தக் காலத்துக் கன்டோன்மென்ட்டில் தமிழ் எழுதத் தெரிந்த ஆசாரி அவர் ஒருவர்தானா? அதே கடையில் இன்னொருவர் செய்து, இவர் விலைக்கு வாங்கியிருக்கலாம். அந்தத் துரைக்காகவே கடை கட்டையை மாற்றியிருக்கலாம். குடும்பத்தில் ஒரு தலைமுறை கடந்தால் ‘வாங்கினார்’ என்பது ‘செய்தார்’ என்று ஆகிவிடும். இதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். 1910ல் அரண்மனைக்கு நேரே சீமையிலிருந்து வந்தது என்று .450 ரைஃபிள் ஒன்றைக் காட்டினார்கள். ஆனால் கலகக்காரர்களிடம் இருந்த, அதே குழல் அளவுள்ள மார்டினி-ஹென்றித் துப்பாக்கிகளுக்குத் தோட்டா கிடைத்துவிடும் என்ற அச்சத்தில் 1907 வாக்கில் அந்த அளவை இந்தியாவுக்குள் வர விடாமல் அரசு தடுத்திருந்தது. அதனால்தான் .465, .470 என்று புதிய அளவுகளுக்கு இங்கே கிராக்கி வந்தது. கதை சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அப்பா சொன்னதைச் சொன்னார். அவ்வளவுதான். அன்பினால் சொல்லப்படுவதைத்தான் நான் அதிகம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

இதுவரை என் கட்சி. இதற்கு மறுகட்சியும் எனக்குள்ளேதான் இருக்கிறது.

துப்பாக்கியில் போலி செய்ய மிகச் சுலபமானது பெயர். ஜோசப் மேன்டன் லண்டனில் உயிரோடு தொழில் செய்துகொண்டிருந்த காலத்திலேயே அவர் பெயரை வெட்டிய மட்டமான துப்பாக்கிகள் உலவின. ஓர் உளியும் துணிவும் இருந்தால் போதும். போலி செய்யவே முடியாதது, மேலே சொன்ன அந்த முட்டுக் குழி. கரியை ஒற்றி ஒற்றிச் சீவிய அந்தப் பொறுமையை யாரும் திருட முடியாது, வைத்திருந்தால்தான் வரும். ஆனால் எங்கள் தொழில் பெயரை முதல் சான்றாக எடுத்துக்கொள்கிறது. குழியை ‘மாற்றங்கள்’ கட்டத்தில் தள்ளி, விலையைக் குறைக்கிறது. செத்துப்போன ரிக்பிக்கு ஒரு பொறிப்பு போதும். அலசூர் ஆசாரிக்குக் கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். இதை எழுதும்போது எனக்கே நியாயமாகப் படவில்லை.

உடனே மனம் திரும்புகிறது. ரிக்பி என்று நான் எழுதியது ஒரு கடையின் பெயரை. ஒரு மனிதரை அல்ல. அந்தக் கடை பேரேடு வைத்திருந்தது. இன்றும் எண்ணைச் சொன்னால் பதில் வருகிறது. சவுத் பரேடு கடையின் கணக்குகள் எங்கே? தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சன் குஞ்சரமல்லன் என்று நாம் சொல்வதற்குக் காரணம், கல்லில் அந்தப் பெயர் இருப்பதுதான். பென்சிலை எடுத்து ‘மு’ என்று எழுதியவர் தன் பெயரையும் எழுதியிருந்தால் நான் சந்தோஷமாக ஏற்றியிருப்பேன். எழுதவில்லை. தன் ரைஃபிளில் தன் பெயர் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ.

விற்பனை நடந்தது. டெல்லிக்காரர் கட்டையைக் காரணம் காட்டி விலையைக் கணிசமாகக் குறைத்தார். அந்த அம்மா பேரம் பேசவில்லை. போலீஸ் அனுமதி எல்லாம் முடிந்து ரைஃபிள் போன பிறகு டெல்லியிலிருந்து எனக்குப் போன் வந்தது. லண்டன் மாதிரியிலேயே புதுக் கட்டை செய்து மாட்ட நல்ல ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்றார்.

“இருக்கிற கட்டைக்கு ஒரு குறையும் இல்லையே, சார். மரத்தின் வரி கழுத்து நெடுக ஓடுகிற மாதிரி பார்த்து வெட்டியிருக்கிறார். இதைவிட நன்றாக இப்போது யாரும் செய்யப் போவதில்லை.”

“நீங்கள்தானே அசல் அல்ல என்று எழுதிக் கொடுத்தீர்கள்?”

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். ஆள் யாரையும் சொல்லவில்லை. ஆனால் என்னைக் கேட்டுத்தான் அவர் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. நான் எழுதிய வரியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டையைக் கழற்றிப் போட அவருக்கு முழு உரிமை இருக்கிறது. அந்த வரியை வேறு எப்படி எழுதியிருக்கலாம் என்று யோசித்துப் பார்க்கிறேன். ‘நேர்த்தியானது’ என்பதற்குப் பதில் ‘மாற்றத் தேவையற்றது’ என்று எழுதியிருக்கலாம். ஆனால் அது மதிப்பீடு ஆகாது, சிபாரிசு ஆகும். விற்கிற கடையில் உட்கார்ந்துகொண்டு சிபாரிசு எழுதினால் எந்தச் சான்றையும் யாரும் நம்பமாட்டார்கள். ‘அசல் அல்ல’ என்பதை விட்டிருந்தால் அது பொய். எந்தப் பக்கம் திருப்பினாலும் நான் எழுதியதற்கே வந்து நிற்கிறேன்.

போன மாதம் அந்த அம்மா கடைக்கு வந்தார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைத் தாளில் ஒரு கடிதம் வேண்டும் என்றார். அந்தக் கட்டையைச் செய்தவர் இன்னார் என்று எழுதி, நான் எடுத்த புகைப்படங்களையும் சேர்த்துத் தர வேண்டும். பேரப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் என்றார். வேறு எவரும் அதைப் பார்க்கப் போவதில்லை என்றும் சொன்னார். அதை நான் நம்புகிறேன். ஆனால் கடைத் தாளில் எழுதியது எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. நாளைக்கு அதே ஆசாரி பெயரைச் சொல்லி இன்னொரு கட்டை வரும். கூடவே என் கடிதத்தின் நகலும் வரும்.

பொங்கலுக்குப் பிறகு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கடிதத்தைத் தொடங்கிவிட்டேன். இந்தக் கட்டை லண்டனில் செய்ததல்ல, தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் செய்தது, முதல் தரமான வேலை என்பதுவரை என்னால் கையெழுத்துப் போட முடியும். படங்களையும் பிரதி எடுத்துவிட்டேன். அடுத்த வரியில்தான் பெயர் வர வேண்டும். ‘குடும்பத்தார் கூறுவதன்படி’ என்று சேர்த்தால் அந்த அம்மாவுக்குப் போதாது. சேர்க்காவிட்டால் எனக்கு ஆகாது. அந்த வரி இன்னும் எழுதப்படவில்லை.