நம்ம ஜுஹு ஏரோட்ரோம்

மும்பை மாட்டுங்காவில் யாரிடம் கேட்டாலும் ஏர்போர்ட் என்றால் சாந்தாக்ரூஸ், சஹார் என்பார்கள். பாவம், ஜுஹு யார் கணக்கிலும் வராது. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஒற்றை என்ஜின் புஸ் மாத் விமானத்தை ஜே.ஆர்.டி. டாடா ஓட்டிவந்து இறக்கியது அங்கேதான். மீதித் தபாலை டாடாவின் கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக நம்ம சென்னைக்குக் கொண்டுபோனார்.

அந்நாளில் மழை பிடித்தால் களமே சேறாகிவிடும். தபால் விமானத்தின் ஜாகையைப் புனேவுக்கு மாற்றிவிடுவார்கள். ஜூலையில் கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீரில் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு நடந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்!

1972-ல் ஒரு ஜப்பான் ஜெட், சாந்தாக்ரூஸ் என்று நினைத்து இந்தக் குட்டி ஓடுதளத்தில் இறங்கிவிட்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. இப்போது கடலுக்குள் இருக்கும் பம்பாய் ஹை எண்ணெய் மேடைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஹெலிகாப்டர்கள்தான் அங்கே அதிகம்.