தூரத்தை அளந்தாச்சு, காற்றை யார் அளப்பது?

துப்பாக்கி மேல் பொருத்திக் குறிபார்க்கிற ரைபிள் ஸ்கோப்புகளில் இப்போது வருகிறவற்றை வெறும் கண்ணாடிக் குழாய் என்று சொல்ல முடியாது. லேசரால் தூரம் அளக்கும் கருவி, காற்றழுத்தமும் வெப்பநிலையும் பார்க்கும் சென்சார், குண்டின் பாதையைக் கணக்குப் போடும் கணினி என்று எல்லாம் உள்ளேயே இருக்கின்றன, பொத்தானை அழுத்தினால் குறிவைக்க வேண்டிய புள்ளி கண்ணுக்கு முன்னால் ஒளிர்கிறது. இனி எவ்வளவு தூரத்தில் இருப்பதையும் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று இதை வைத்துச் சிலர் பேசும்போது எனக்குப் பாதி நம்பிக்கைதான் வருகிறது.

நம்புகிற பாதி, தூரம். வேட்டைக்காரர்கள் பரவலாக வைத்திருக்கும் .308 அளவுக் குண்டு போடுகிற ரைபிளில் 600 மீட்டரை 650 என்று தப்பாக மதிப்பிட்டாலே குண்டு ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்தில் தவறிவிடும். லேசர் அந்தத் தவறை ஒழித்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதே 600 மீட்டரில் விநாடிக்கு நாலைந்து மீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கிற காற்று குண்டை ஏறக்குறைய ஒரு மீட்டர் பக்கவாட்டில் தள்ளும். அந்தக் காற்று வழி முழுக்க ஒரே மாதிரி அடிக்காது. துப்பாக்கி பக்கத்தில் ஒரு வேகம், நடுவில் பள்ளம் வந்தால் வேறு வேகம், இலக்குக்கு அருகில் திசையே மாறியிருக்கும். கையில் பிடித்த காற்றுமானி நம் மூக்குக்கு முன்னால் இருக்கிற காற்றைத்தான் சொல்லும். லேசர் ஒளியை அனுப்பி வழி நெடுக உள்ள காற்றை அளக்க ஆராய்ச்சி நடக்கிறது. அதைத் துப்பாக்கி மேல் வைக்கிற அளவுக்குச் சிறியதாகவும் பேட்டரியைத் தின்னாததாகவும் செய்வதுதான் பெரிய பாடு.

2013-ல் அமெரிக்காவின் டிராக்கிங்பாயிண்ட் நிறுவனம் விற்க ஆரம்பித்த ரைபிளையே பாருங்கள். இலக்கில் ஒரு அடையாளம் குத்திவிட்டு விசையை இழுத்துப் பிடித்தால், குறி சரியாகப் பொருந்துகிற நொடியில்தான் குண்டு கிளம்பும். அப்போது விலை இருபதாயிரம் டாலருக்கும் மேல். அத்தனையும் கொடுத்து வாங்கியவர், காற்றின் வேகத்தை மட்டும் தானே கணித்து உள்ளிட வேண்டியிருந்தது! 2015-ல் இரண்டு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் அதன் வைஃபை வழியாகப் புகுந்து, குண்டின் எடை என்று பதிவாகியிருந்த எண்ணை மாற்றி, பக்கத்து இலக்கில் அடிக்க வைத்துக் காட்டினார்கள். விரல் விசையை இழுக்காமல் சுட வைக்க மட்டும் அவர்களால் முடியவில்லை. ஸ்கோப்பில் எதற்கு வைஃபை என்று நான் அன்றே கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்.

அமெரிக்க ராணுவம் 2022 ஜனவரியில் எக்ஸ்எம்157 என்ற ஸ்கோப்புக்கு ஒப்பந்தம் போட்டது. பத்து வருடத்தில் 2,50,000 வரை, 270 கோடி டாலர் வரை. வோர்டெக்ஸ் நிறுவனம் செய்கிற இதில் எனக்குப் பிடித்த விஷயம் உள்ளே இருக்கிற கணினி அல்ல. பேட்டரி செத்தாலும் கண்ணாடியில் பொறித்த ரெட்டிக்கிள், அதாவது குறிவைக்கும் கோடுகள், அப்படியே இருக்கும், 1 முதல் 8 மடங்கு வரை பெரிதாக்கும் சாதாரண ஸ்கோப்பாக வேலை செய்யும். குளிரில் பேட்டரி படுத்துகிற பாடு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சரி, அப்போது இதெல்லாம் வீண் வேலையா? இல்லை. நெடுந்தூரக் கனவை விட்டுவிட்டுக் கிட்டத்தில் பறக்கிற சின்ன ட்ரோன்களைப் பாருங்கள். இஸ்ரேலின் ஸ்மாஷ் வகை ஸ்கோப் கேமராவில் ட்ரோனைப் பிடித்துத் தொடர்ந்து, எவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்று கணக்கிட்டு, பொருந்தும்போதுதான் சுட விடுகிறது. 2023-ல் பிரிட்டன் ராணுவமே அதை வாங்கியது. நூறு இருநூறு மீட்டருக்குள் காற்றுக்குக் குண்டைத் தள்ள அதிக அவகாசம் கிடைப்பதில்லை. அங்கே பெரிய சிக்கல் இலக்கு கோணல்மாணலாக ஓடுவதுதான், அந்த வேலையில் மனிதக் கையைவிடக் கணினி வேகம். அடுத்த சில வருடங்களில் காசும் ஆராய்ச்சியும் இந்தப் பக்கம்தான் கொட்டும் என்று நினைக்கிறேன். வேட்டைக்காரர்களுக்கு அதில் மிஞ்சப் போவது கொஞ்சம் மலிவான லேசர், அவ்வளவுதான்.