ஆறாம் நாள் பல்ஸ்

“சார், நாலாம் பெட் ஐயாவுக்கு பல்ஸ் 118 போகுது. காய்ச்சல் இல்ல. ஆனா முகம் நேத்து மாதிரி இல்ல.”

மாலை ஏழு மணிக்கு டியூட்டி சிஸ்டர் போனில் சொன்னது இது. அப்போது நான் ஓர் அரசு மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வலியாக இருக்கும் என்று சொல்லி வலிக்கு ஊசி எழுதச் சொன்னேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை.

நாலாம் பெட்டில் இருந்தவர் ஒரு நெசவாளி. புற்றுநோய் வந்த உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் போல வெட்டித் தைத்து, மார்புக்குள் மேலே ஏற்றி, கழுத்தில் மிச்சமிருந்த உணவுக்குழாயோடு இணைத்து ஆறு நாள் ஆகியிருந்தது. அந்த இணைப்பைப் போட்டது நான்.

குடலோடு குடலைத் தைப்பது போன்ற வேலை இல்லை இது. குடலுக்கு வெளிப்புறம் செரோசா என்றொரு மெல்லிய உறை உண்டு, அது தையலைப் பிடித்துக்கொள்ளும். உணவுக்குழாய்க்கு அந்த உறை கிடையாது. கொஞ்சம் இறுக்கினாலும் நூல் தசையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். இரைப்பையின் நிலைமையும் பாவம்தான். மேலே ஏற்றுவதற்காக அதன் ரத்தக்குழாய்களில் பெரும்பாலானவற்றைக் கட்டி அறுத்துவிடுகிறோம். அதன் பிறகு முக்கியமாக வலது காஸ்ட்ரோஎபிப்ளோயிக் தமனி ஒன்றை நம்பித்தான் அது பிழைத்திருக்கிறது. அந்தத் தமனிக்கு மிகத் தொலைவில் இருக்கும் நுனிதான் கழுத்துக்கு வந்து சேருகிறது. கடைமடை வயலுக்கு வரும் தண்ணீர் மாதிரி, வந்தால் உண்டு. நல்ல அனுபவமுள்ள மையங்களிலேயே ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த இணைப்பு கசிகிறது. இதையெல்லாம் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான்.

நடு இரவில் சிஸ்டர் மறுபடி கூப்பிட்டார். துடிப்பு தாறுமாறாக இருந்தது. ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இந்த அறுவைக்குப் பிறகு இதயம் திடீரென்று இப்படித் தாளம் தப்பினால் முதலில் இணைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். நான் இதய டாக்டரை அழைத்து, தாளத்தைச் சீராக்கும் அமியோடரோன் மருந்தை ஆரம்பித்தேன். காலையில், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு, இறங்கிக்கொண்டிருந்தது, மேலே ஏறியிருந்தது. கழுத்துக் காயத்தின் இடது ஓரம் சிவந்து, லேசாக வாடை வந்தது. அப்போதும் மருந்து குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுக்கத்தான் எழுதினேன். கசிவு இல்லை என்று சொல்லும் ஒரு சாட்சியைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பது இப்போது புரிகிறது.

எங்கள் சீஃப் வந்தார். கழுத்தைப் பார்த்தார், கத்தரிக்கோல் கேட்டார், படுக்கையிலேயே இரண்டு தையலை வெட்டினார். சீழோடு எச்சிலும் வழிந்தது.

“எச்சில் வர்ற இடத்துக்கு எக்ஸ்ரே எதுக்குப்பா?”

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேரம் போயிருந்தது.

அதன் பிறகு விடை தெரிய வேண்டிய கேள்விகள் இரண்டு. கசிவு கழுத்தோடு நிற்கிறதா, மார்புக்குள் இறங்கிவிட்டதா? மேலே ஏற்றிய இரைப்பை உயிரோடு இருக்கிறதா? சி.டி.யில் மார்பின் மேல்பகுதியில் சிறிதாக ஒரு தேக்கம் தெரிந்தது. கழுத்துக் காயம் வழியாகவே அதை வடிக்க முடிந்தது. எண்டோஸ்கோப்பில் இரைப்பையின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தது. கருத்திருந்தால் அதைக் கழற்றிக் கீழே இறக்கிவிட்டு, எச்சில் வெளியேற கழுத்தில் ஒரு துளை வைத்து, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். மார்புக்குள்ளேயே இணைப்பு போட்டவர்களுக்குக் கசிந்தால் கதையே வேறு. மார்பில் குழாய், உறை போட்ட ஸ்டென்ட், அல்லது ஓட்டைக்குள் பஞ்சு வைத்து வேக்குவத்தில் உறிஞ்சி, மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பில் அந்தப் பஞ்சை மாற்றுவது. கழுத்து இணைப்பு அடிக்கடி கசியும், ஆனால் கை எட்டும் இடத்தில் கசியும்.

நெசவாளியின் மனைவியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “தையல் விட்டுப்போச்சுங்களா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “தறியில இழை அறுந்தா பிணைச்சுக்குவோம். இத மறுபடி பிணைக்க முடியாதுங்களா?” இந்தக் கேள்விக்குத்தான் வெகுநேரம் எடுத்துக்கொண்டேன். சீழ் பிடித்த சதை நூலைத் தாங்காது, இன்று தைத்தால் நாளை இன்னும் பெரிதாகக் கிழியும், வடிகால் வைத்துவிட்டால் உடம்பே உள்ளிருந்து மூடிக்கொள்ளும் என்று விளக்கினேன். அறுவையன்றே சிறுகுடலுக்கு நேராக உணவு செலுத்தும் ஒரு ஜெஜுனாஸ்டமி டியூப் வைத்திருந்ததால் பட்டினி போட வேண்டியிருக்கவில்லை. அந்த டியூப் இல்லாமல் இந்த அறுவையை நான் இன்றுவரை முடித்ததில்லை.

காலையும் மாலையும் டிரெஸ்ஸிங். முதல் போன் செய்த அதே சிஸ்டர்தான் பெரும்பாலும் செய்தார். எச்சில் விழுங்கும்போது உள்ளங்கையால் கழுத்தை அழுத்திக்கொள்ள நெசவாளிக்குப் பழக்கிவிட்டவரும் அவரே. ஒருநாள் டிரெஸ்ஸிங் அறையில், அன்று மாலையே வந்து பார்த்திருக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். “அடுத்த தடவ வாங்க சார்” என்றார்.

நான்காவது வாரம் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தோம். கழுத்திலிருந்த துணி வெள்ளையாகவே இருந்தது. மறுநாள் கஞ்சி.

இரண்டு மாதம் கழித்து, சோறு அடைக்கிறது என்று வந்தார். கசிந்து ஆறிய இணைப்பு தழும்பாகிச் சுருங்குவது வழக்கம்தான். எண்டோஸ்கோப் வழியாக விரித்துவிட்டோம். மூன்றாவது முறை விரிக்க வந்தபோது, முந்தின நாள் ராத்திரி இரண்டு இட்லி தண்ணீர் குடிக்காமலே இறங்கியதாக அவர் மனைவி சொன்னார்.