ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1: எதை மாற்றினோம், எதைத் தொடவில்லை

பழுது பார்க்க வந்த சின்ன கிதார் ஆம்ப்ளிஃபயர் பெட்டி. 5 வாட், 8 அங்குல ஸ்பீக்கர், வால்யூமுக்கு ஒரே ஒரு குமிழ். உள்ளே மூன்றே வால்வு (கண்ணாடிக் குழாய்): மின்சாரத்தை டிசியாக்க 5ஒய்3, கிதாரின் சிறு சிக்னலை முதலில் பெருக்கும் முன்கட்டத்துக்கு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரைத் தள்ள 6வி6. 1950களின் பிற்பாதியில் கலிபோர்னியாவில் கிதார் கற்கும் பிள்ளைகளுக்காகச் செய்த மலிவு மாடல் இது. பிறகு ஸ்டுடியோக்காரர்கள் தேடிப்பிடித்து வாங்க ஆரம்பித்தார்கள். சத்தம் அக்கம்பக்கம் தாங்கும் அளவில் இருக்கும்போதே வால்வின் ஒலி முழுதாக உடைந்து, கரகரத்துப் பாடும், அதுதான் காரணம்.

கையை உள்ளே விடுமுன் கெபாசிட்டர்களைக் காலி செய்ய வேண்டும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரின் ஒரு முனையை சேஸியிலும் (உலோகச் சட்டம்) மறுமுனையை, டிசியைச் சமன்படுத்தும் முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் பாசிட்டிவிலும் ஐந்து விநாடி பிடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே அடுத்த வேலை.

முதலில் மாற்றியது இரண்டு கம்பி மின்வயர். மூன்று கம்பி வயரில் ஃபேஸ் ஃபியூஸுக்கும் அங்கிருந்து சுவிட்சுக்கும் போகும். நியூட்ரல் நேராக டிரான்ஸ்ஃபார்மருக்கு. எர்த்தைத் தனி போல்ட்டில், மற்ற இரண்டையும்விட நீளமாக விட்டு முடுக்கினால், வயரை யாராவது இழுத்தாலும் கடைசியாக அறுவது எர்த்தாகத்தான் இருக்கும். மின்கம்பிக்கும் சேஸிக்கும் நடுவே கெபாசிட்டர் ஏதும் இருந்தால் வெட்டி எறியவும். 230 வோல்ட் வீட்டில் இந்த அமெரிக்கப் பெட்டிக்கு, வோல்டேஜைக் குறைக்கும் 100 விஏ ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும். ஆனால் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், சுற்றுகள் தனித்தனியாக இருப்பதாக வாங்கவும்.

அடுத்து ஃபில்டர் கெபாசிட்டர்கள். மூலத்தில் 16, 8, 8 மைக்ரோஃபாரட், 450 வோல்ட். ஒற்றை வால்வு அவுட்புட்டில், இரட்டை வால்வுப் பெட்டிபோல ஹம் (மின்சார ரீங்காரம்) ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையாது. இவை காய்ந்தால் நேராக ஸ்பீக்கரில் கேட்கும். 475 வோல்ட் தாங்கும் புதியவை போட்டோம். ‘ஹம் இன்னும் கொஞ்சம் குறையட்டும்’ என்று முதல் இடத்தில் 47 மைக்ரோஃபாரட் போடுவது பலர் செய்யும் தவறு. 5ஒய்3 ஒவ்வொரு முறை சூடாகும்போதும் அந்தச் சுமையை இழுத்துச் சீக்கிரம் சாகும். வாசிக்கும்போது அழுத்தினால் பதுங்கி எழும் அந்தக் குணமும் போய்விடும். 20-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

அதிகம் யோசிக்க வைத்தது 6வி6-இன் கேத்தோடு, அதாவது எலக்ட்ரான் கிளம்பும் முனை. அங்கே இருந்த ரெசிஸ்டர் 470 ஓம், 1 வாட். அதன் குறுக்கே 20.5 வோல்ட், அப்படியென்றால் 43.6 மில்லிஆம்ப், ரெசிஸ்டர் தின்பது 0.89 வாட். ஒரு வாட் ரெசிஸ்டரை எப்போதும் விளிம்பில் வறுத்துக்கொண்டிருந்தால் அது கருகாமல் என்ன செய்யும்? எலக்ட்ரான் போய்ச் சேரும் பிளேட்டில் 352 வோல்ட். நடுவிலுள்ள ஸ்கிரீன் வலைக்கு 2.5 மில்லிஆம்ப் கழித்தால் வால்வுக்குள் 13.6 வாட். பழைய 6வி6ஜிடி அட்டவணையில் வரம்பு 12. பிந்தைய ஜிடிஏ-வுக்கு 14. பெட்டி வடிவமைத்த காலத்தைவிட இன்று அதற்குக் கிடைக்கும் மின் வோல்டேஜ் அதிகம், அதனால் வரும் வினை இது. 560 ஓம், 5 வாட் போட்டதும் கேத்தோடில் 22 வோல்ட், வால்வுக்குள் 12.4 வாட். பக்கத்திலிருந்த 25 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 25 வோல்ட் வகை. இந்த அழுத்தத்துக்கு மூச்சுத் திணறும். 50 வோல்ட்டாக மாற்றியாயிற்று.

சீரிஸ் லாம்பில், அதாவது மின்பாதையில் தொடராக இணைத்த ஹோல்டரில், 60 வாட் பல்பு வைத்து முதல் சுவிட்ச். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உடனே அணைத்து ஷார்ட் தேடவும்.

முன்கட்டத்தின் சிக்னலை மட்டும் 6வி6-க்கு விட்டு டிசியைத் தடுக்கும் கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறதா என்று பார்க்க 6வி6-ஐப் பிடுங்கிவிட்டு அதன் 5ஆம் பின்னில் டிசி அளக்கலாம். சில மில்லிவோல்ட் சரி, அரை வோல்ட் என்றால் மாற்ற வேண்டியதுதான். சுமை இல்லாததால் அப்போது உள்ளே டிசி 400 வோல்ட்டை நன்றாகத் தாண்டும். பழைய ஃபில்டர்களோடு இதைச் செய்யாதீர்கள். நம் பெட்டியில் அது சரியாகவே இருந்தது, அப்படியே விட்டோம். 100 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டர் ஒன்று 128 காட்டியது. ஓடும்போது மரக்குச்சியால் தட்டினால் கரகரப்பில்லை, அதுவும் அப்படியே. கறுப்பு ஃபைபர் பலகை ஈரம் குடித்தால் வெற்றுப் பலகையிலேயே வோல்ட் காட்டும்; ரெசிஸ்டரைக் குறைசொல்லுமுன் ஹேர் டிரையரால் உலர்த்திப் பாருங்கள்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றியவர்களுக்கு மட்டும்: ஆன் செய்ததும் ஊளையிட்டால், அவுட்புட்டில் கொஞ்சத்தை முன்கட்டத்துக்கு எதிராகத் திருப்பி அனுப்பும் எதிர்ப்பின்னூட்டம் தலைகீழாகிவிட்டது. பிரைமரி கம்பிகள் இரண்டையும் மாற்றிப் போட்டால் அடங்கும். அந்தப் பின்னூட்டப் பாதையிலுள்ள 22 கிலோஓம் ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கழற்றினால் சத்தம் கூடும், முரடாகவும் ஆகும். பிடித்தால் அப்படியே விடலாம். முன்கட்டத்தை அடக்க விரும்பினால் 12ஏஒய்7 செருகலாம். அதன் பெருக்கம் 44, 12ஏஎக்ஸ்7-க்கு 100.

மிச்சமிருப்பது ஸ்பீக்கர். கூம்பின் ஓரக் கிழிசலில் மெல்லிய தாள் ஒட்டிக் காய்கிறது. அதுவரை ஆம்ப் 4 ஓம் 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டியில்தான் ஓடுகிறது, ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு நொடியும் ஓட்டுவதில்லை.